கண்ணாடிக் கதவுக்கு வெளியே மூன்று நாள்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். பாம்பன் பாலம் வரும், கடலைப் பாருங்க, போட்டோ எடுங்க. எனக்கு இன்னைக்குக் கடலைப் பார்க்கவே பிடிக்கல.

ஈரோடா? ஜவுளியா? நல்ல தொழில். துணி எல்லை தாண்டாது, துணியை எவனும் பிடிச்சுக்கிட்டுப் போக மாட்டான். நான் தங்கச்சிமடம். பேரு சந்தியாகு. விசைப்படகு வச்சிருக்கேன். படகு உரிமையாளர் சங்கத்துல பதினோரு வருசமா துணைச் செயலாளர். அந்தா, டிரைவருக்குப் பின்னாடி பச்சைச் சேலை தெரியுதா? அதான் என் வீட்டுக்காரி. அமலோற்பவம். ராமநாதபுரத்துல ஏறினதும் எனக்குப் பக்கத்துல வராம நேரா முன்னாடி போயி உக்காந்துட்டா. இந்தப் பஸ் சத்தத்துல நான் பேசுறது அவளுக்குக் கேக்காது. கேட்டாலும் எனக்கென்ன.

உங்ககிட்டச் சொல்றதுல என்ன இருக்கு? நீங்க நாளைக்கு உங்க ஊரைப் பார்க்கப் போயிருவீங்க. என் ஊர்ல எவன்கிட்டயும் வாயத் திறக்க முடியல. சங்கத்துல சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். எனக்காகத்தான் கூட்டம். என்ன சொல்லப் போறேன்னு எனக்கே தெரியல. 

மக்கள் மன்றம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? எங்க கடல்ல சண்டைதான், பேப்பர்ல படிச்சிருப்பீங்க. நாங்க மடி இழுக்குறோம். அடியில கிடக்குறதெல்லாம் வாரிக்கிட்டு வர்ற இழுவைமடி. அந்தப் பக்கம் மன்னாரு, யாழ்ப்பாணம் ஆளுக, கடல்ல சுவரு மாதிரி நிக்குற செவுள்வலை போடுறாக. அவுக வலையை எங்க மடி அறுக்குதுன்னு அவுகளுக்குக் கோவம். எங்களை இலங்கை நேவி பிடிக்குதுன்னு எங்களுக்குக் கோவம். என் பேர்ல இருந்த முதல் போட்டு நாலு வருசத்துக்கு முன்னாடி பிடிபட்டுச்சு. ஆளுக திரும்பி வந்தாக, போட்டு வரல. அங்க ஒரு கரையில கிடந்து மக்குது. ஒருத்தன் செல்லுல படம் அனுப்பினான். அடிப்பலகை பிளந்து, உள்ள எருக்கு முளைச்சு நிக்குது. சாப்பிட உக்காந்தவன் கையைக் கழுவிட்டு எந்திரிச்சுட்டேன்.

ரெண்டு அரசாங்கமும் எத்தனை தடவை பேசுச்சு தெரியுமா? நானே சங்கத்துல இருந்து ரெண்டு தடவை போயிருக்கேன். சால்வை போடுவான், பிரியாணி போடுவான், அறிக்கை விடுவான். சரி, அது ஒரு வகை அசிங்கம். இப்ப ஐரோப்பாவுல இருந்து ஒரு நிறுவனம் வந்துச்சு. தலைவருக வேணாமாம், சங்கம் வேணாமாம், கட்சி வேணாமாம். ரெண்டு கரையில இருந்தும் சாதாரண ஆளுகளைக் குலுக்கல்ல எடுத்து, மூணு நாள் ஒரு ஹால்ல உக்கார வச்சுப் பேச விடுவாகளாம். இங்க இருபத்திநாலு, அங்க இருபத்திநாலு. பாதிக்குப் பாதி பொம்பளைக. அதுதான் மக்கள் மன்றம், அதுல வர்ற முடிவுதான் மக்கள் முடிவாம். உலகமே இன்டர்நெட்டுல பார்க்குமாம்.

குலுக்கல்ல சார். முப்பது வருசம் கடல்ல கிடந்தவனை விட்டுட்டு சீட்டுப் போட்டு எடுக்குறான்.

போட்டு உரிமையாளர் பட்டியலை வச்சுக் குலுக்கினாக. வந்த பேரு அமலோற்பவம் சந்தியாகு. முதல் போட்டு என் பேர்ல இருந்ததால ரெண்டாவதை அவ பேர்ல பதிஞ்சேன். அவ்வளவுதான். ஆபீஸ் போறது நான், டீசலுக்கு நான், கடலுக்குப் போற டோக்கனுக்கு நான். போட்டு யாருது? என்னுது. பேரு மட்டும் அவளுது. எங்க பக்கம் இது சாதாரணம். எங்க பஞ்சாயத்துத் தலைவியைப் பார்க்கணும்னா அவுக வீட்டுக்காரரைத்தான் போயிப் பார்ப்போம். ஒருத்தரும் அதைத் தப்புன்னு சொன்னதில்ல.

சங்கத்துல சந்தோசப்பட்டாக. சங்கத்து ஆளு வேணாம்னு சொன்னான், நம்ம துணைச் செயலாளரு வீட்டுக்கே சீட்டு விழுந்துருச்சேன்னு தலைவர் என் முதுகுல தட்டினாரு. நாலு பாயிண்டு எழுதிக் குடுத்தாக. ஒண்ணு, கச்சத்தீவைச் சுத்தி எங்க பாட்டன் பூட்டன் காலத்து உரிமை. ரெண்டு, பிடிச்ச போட்டைத் திருப்பிக் குடு. மூணு, நேவி அடிக்கக் கூடாது. நாலு, மடியை விடச் சொன்னா மாத்துத் தொழிலுக்குப் பத்து வருசம் டைம் குடு. நான் அதை நாள்காட்டித் தாள் பின்னாடி பெருசா எழுதி அவளை ஒப்பிக்க வச்சேன். ஒரு வாரம். மீன் கழுவுறப்போ ஒப்பிப்பா, துணி அலசுறப்போ ஒப்பிப்பா. ஒரு எழுத்து பிசகல. எனக்குப் பெருமையா இருந்துச்சு, பொய் சொல்லல.

வைகாசி மாசம், மீன் பிடிக்கத் தடைக்காலம். எல்லாப் போட்டும் கரையில நிக்குது. திருச்சியில பெரிய ஓட்டல். நானும் கூடப் போனேன். அவ தனியா எங்கயும் போனதில்லல்ல.

அங்க ஹால் வாசல்ல கண்ணாடிக் கதவு. ஒரு வெள்ளைக்காரம்மா கையை இப்படி நீட்டி என்னை நிறுத்திட்டாக. கூட ஒரு நம்மூருப் பையன் மொழிபெயர்க்குறான். 'ஐயா, குலுக்கல்ல வந்தவங்க மட்டும்தான் உள்ள. குடும்பத்தார் வெளியே லாபியில இருக்கலாம்.' நான் சொன்னேன், 'தம்பி, அவளுக்குப் பேசத் தெரியாது, நான் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கேன்.' அந்தம்மா அதைக் கேட்டுச் சிரிச்சாக. சிரிச்சு, அமலோற்பவத்தோட தோளைத் தொட்டு உள்ள கூட்டிக்கிட்டுப் போனாக. இவளும் போறா. திரும்பிக்கூடப் பார்க்கல சார்.

மூணு நாள் நான் லாபியில. சோபா, குளிரு, பிளாஸ்டிக் பூ. அந்தக் கண்ணாடி வழியா உள்ள நடக்குறது தெரியும். என்ன பண்ணினாகங்கிறீங்க? முதல் அரைமணி நேரம் கண்ணை மூடி மூச்சு விடுறாக. கடல்ல மூச்சடக்கி வேலை பார்க்குற ஆளுகளுக்கு மூச்சு விடக் கத்துக் குடுக்குறான். அப்புறம் மஞ்சத் தாளு, ரோஸ் தாளு, ஆளுக்கு ஒண்ணு. உங்க பயத்தை எழுதுங்கன்னு சொல்லி சுவத்துல ஒட்டுறான். சுவரு பூரா பயம். ஒருத்தன் வந்து, மீன்பிடிக்கிறவுக கையை மட்டும் கிட்டக்க வச்சுப் படம் எடுக்குறான். முகம் வேணாமாம், கை போதுமாம். சீன்னு ஆயிருச்சு எனக்கு.

சாப்பாடும் அப்படித்தான். கடற்கரை ஆளுக நாப்பத்தெட்டுப் பேருக்கு பனீர். எங்கயோ கடல்ல மீனு கொறைஞ்சு போச்சாம், அதனால மூணு நாளும் மீன் கிடையாதாம். அது ஒரு கொள்கையாம்.

லாபியில ஒரு டிவி. உள்ள நடக்குறதைக் காட்டும். ஆனா அதுல வர்ற சத்தம் இங்கிலீசு. ஏன்னு கேட்டேன். கொழும்புல இருந்து சிங்களம் பேசுற ரெண்டு மூணு படிச்சவுக நிறுவனத்துக்காக வந்திருக்காக, வெளிநாட்டுக்காரன் பார்க்குறான், அதனால வெளிய போற லைனு இங்கிலீசாம். உள்ள பேசுற முக்காவாசிப்பேரு தமிழு. எங்களுக்கும் தமிழு, அவுகளுக்கும் தமிழு. அந்தத் தமிழை அமுக்கிட்டு மேல ஒரு பொம்பளை இங்கிலீசுல பேசுது. டிவி மூலையில ஒரு நம்பர். எத்தனை பேரு பார்க்குறான்னு. முப்பத்தேழு. உலகமே பார்க்குதுன்னானே, அந்த உலகம் முப்பத்தேழு பேரு. எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல.

அங்கதான் லெம்பேட் மாஸ்டரைப் பார்த்தேன். பேசாலை ஆளு, மன்னாரு பக்கம். பள்ளிக்கூட வாத்தியாரா இருந்து ஓய்வானவரு. அவரு தங்கச்சி றெஜினாவுக்குச் சீட்டு விழுந்திருந்துச்சு. துணைக்கு வந்தவரை என்னை மாதிரியே வெளிய உக்கார வச்சுட்டாக. ஆனா அந்த மனுசன் கோவப்படல. ஒரு புஸ்தகத்தை எடுத்து வச்சுக்கிட்டுச் சோபாவுல சாஞ்சுட்டாரு.

முதல் நாள் நாங்க பேசிக்கல. எதிரி நாட்டு ஆளுகிட்ட நான் எதுக்குப் பேசணும்? ரெண்டாம் நாள் காலையில அவரே ஆரம்பிச்சாரு. 'நீங்கள் திங்கள், புதன், சனிதானே கடலுக்கு வாறனீங்கள்?' ஆமா, எங்க பக்கம் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கு. விசைப்படகு வாரத்துல மூணு நாள், நாட்டுப்படகு நாலு நாள். எங்க ஆளுகளுக்குள்ள சண்டை வராம இருக்க நாங்களே போட்டது. 'உங்களுக்கு எப்படித் தெரியும்'னு கேட்டேன். அவரு சொல்றாரு, 'எங்கட ஊரில சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த மூண்டு நாளும் எங்கட ஆக்கள் வலை போடுறதில்லை. உங்கட நாளைப் பாத்துத்தான் எங்கட வீட்டில உலை வைக்கிறது.'

கோவமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு சொல்லியிருப்பேன். மனுசன் மழை பெய்யுதுங்கிற மாதிரிச் சொல்றாரு. அது எனக்குப் பிடிக்கவே இல்ல. என் போட்டு மக்குற படத்தை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தாரு. 'பாவம், நல்ல மரம்'னாரு.  பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சு என் பக்கம் தள்ளினாரு.

ரெண்டாம் நாள் மத்தியானம் அமலோற்பவம் பேச எந்திரிச்சா. டிவியில அவ முகம் பெருசா வருது. வாய் அசையுது. சத்தம் இங்கிலீசுக்காரி சத்தம். எனக்கு எப்படி இருந்திருக்கும்? இருபத்தாறு வருசம் கூட வாழ்ந்தவ என்ன சொல்றான்னு எனக்குத் தெரியல. மாஸ்டருக்கு இங்கிலீசு தெரியும். 'என்ன சொல்றா'ன்னு கேட்டேன். அவரு புஸ்தகத்தை மூடிட்டு, ஒவ்வொரு வரியா எனக்குத் தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சாரு.

முதல்ல நாலு பாயிண்டு. வரிசை மாறாம. 'உரிமை எண்டு சொல்லுறா. போட்டைத் தரச் சொல்லுறா. நேவி அடிக்கக் கூடாது எண்டுறா. பத்து வருசம் கேக்கிறா.' நான் தொடையில தட்டினேன். பார்த்தீங்களா, என் பயிற்சி.

அப்புறம் மாஸ்டர் என் பக்கம் திரும்பினாரு. 'இப்ப வேற சொல்லுறா. இது வரைக்கும் என்ர மனுசன் சொல்லச் சொன்னது, இனி நான் சொல்லுறன் எண்டு சொல்லுறா.'

நான் சோபா நுனிக்கு நகர்ந்துக்கிட்டேன்.

'உங்கட மடியில எங்கட ஆக்களின்ர வலை வருமாம். கடலில வெட்டி எறியிறது பாதி, கரைக்கு வாறது பாதியாம். கரைக்கு வாறதை வீட்டைச் சுத்தி வேலியாக் கட்டியிருக்கிறீங்களாம், ஆடு வராமல்.'

ஆமா சார், கட்டியிருக்கோம். என் வீடு மட்டுமா? எங்க தெருவுல பாதி வீட்டுக்கு அந்த வேலிதான். முருங்கைக்கு, கோழிக்கூண்டுக்கு, கருவாடு காயப் போட. கடல்ல மாட்டினதை என்ன பண்றது? திருடவா செஞ்சோம்? கண்ணுல பட்டாலும் அதை நாங்க யோசிக்கிறதில்ல. வேலி வேலிதானே. அதைப் போயி, ஹால்ல, வெள்ளைக்காரன் முன்னாடி, கேமரா முன்னாடி சொல்றா. வீட்டு அழுக்கை எடுத்து ஊருக்கு மத்தியில கொட்டுற மாதிரி. அருவருப்பா இருந்துச்சு எனக்கு.

அதோட விட்டாளா? 'வேலியில இருக்கிற மிதவை ஒவ்வொண்டையும் தெரியுமாம்'ங்கிறாரு மாஸ்டர். துணி காயப் போடுறப்பல்லாம் பார்த்திருக்கா. உங்களுக்குத் தெரியாது, வலையில மேல கட்டுற மிதவையில அவனவன் அடையாளம் வைப்பான். பெயிண்டு, கீறல், நூலு. அதை வரிசையாச் சொல்றா. நான் எழுதிக் குடுத்ததில்ல. எங்க ஒப்பிச்சாளோ. 'சிவப்பு நூல் ரெண்டு சுத்து. சூட்டுக் கம்பியால சிலுவை. பச்சைப் பெயிண்டில மூண்டு புள்ளி.'

அந்தப் பக்கத்து வரிசையில ஒரு ஆளு எந்திரிச்சான். பச்சைப் பெயிண்டு அவன் சகலை வலையாம். இன்னொரு பொம்பளை எந்திரிச்சா. இங்கிலீசுக்காரி தடுமாறுறா, யாரு பேசுறான்னு அவளுக்கே தெரியல. அப்புறம் பேச்சையே நிறுத்திட்டா. அப்பத்தான் சார், கொஞ்ச நேரம், டிவியில அமலோற்பவத்தோட சொந்தக் குரலு வந்துச்சு. 'நீல ரப்பர் செருப்பை வட்டமா வெட்டி நடுவுல ஓட்டை போட்டது. சின்னப் புள்ளைக செருப்பு. அதுல பதினேழு இருக்கு.'

மாஸ்டர் சொல்ல வேண்டிய அவசியமில்ல, எனக்கே கேட்டுச்சு. ஆனா அவரைத் திரும்பிப் பார்த்தேன். புஸ்தகத்தைக் கீழ வச்சுட்டு டிவி பக்கமாக் குனிஞ்சிருந்தாரு. 'என்ன மாஸ்டர்'னு கேட்டேன். 'ஒண்டுமில்லை. என்ர தங்கச்சி எழும்பி நிக்கிறா'ன்னாரு. அப்புறம் மெதுவா, 'அது அவவின்ர பிள்ளையளின்ர பள்ளிக்கூடச் செருப்பு. மச்சான் வெட்டேக்குள்ள நான்தான் பிடிச்சுக் குடுத்தனான். அந்த வலை போன பிறகு அவர் கடலுக்குப் போகேல்லை'ன்னாரு.

நான் மன்னிப்புக் கேக்கணுமா? மடி இழுக்குறப்போ கீழ யாரு செருப்பு கிடக்குதுன்னு எவனுக்குத் தெரியும்? அந்த மனுசன் என்னைத் திட்டியிருக்கணும். சட்டையைப் பிடிச்சிருக்கணும். எந்திரிச்சுப் போனாரு. சரி, போலீசுக்குச் சொல்லப் போறாரு போலன்னு நினைச்சேன். ரெண்டு கையிலயும் டீயோட வந்தாரு. ஒண்ணை எனக்குக் குடுத்துட்டு, 'உங்கட மனுசி நல்ல வடிவாப் பேசினவ'ன்னாரு. அந்த டீயை நான் எப்படிக் குடிச்சேன்னு எனக்குத்தான் தெரியும்.  இந்த மாதிரி நல்லவனுகளைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

ராத்திரி ரூம்ல கேட்டேன், 'என்னடி இது, யாரு சொல்லிக் குடுத்தா?' 'யாரும் சொல்லிக் குடுக்கல. அவுக கேட்டாக, நான் சொன்னேன்'னா. 'அப்படி என்ன கேட்டாக?' 'உங்களுக்கு என்ன தெரியும்னு கேட்டாக'ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. ஒரு கேள்வியா சார் அது? ஊரைக் கூட்டி, பிளேன்ல ஆளைக் கொண்டாந்து, கடைசியில கேக்குற கேள்வி அதுதானா?

மூணாம் நாள் ஓட்டு. பச்சை அட்டை, சிவப்பு அட்டை. ரெண்டு வருசத்துல இழுவைமடியை ரெண்டு கரையிலயும் நிறுத்துறது, அதுக்கு மாத்துத் தொழிலு ரெண்டு அரசாங்கமும் குடுக்குறது, பிடிச்ச போட்டையும் ஆளையும் விடுறது. பச்சை நாப்பத்தினாலு, சிவப்பு நாலு. அந்தச் சிவப்பு நாலுல என் வீடு இல்ல. அதோட, ஒவ்வொருத்தரும் தன்னால தானாச் செய்யக்கூடியது ஒண்ணு சொல்லணுமாம். எல்லாரும் பிளாஸ்டிக் போட மாட்டேன், பக்கத்து வீட்டுல சொல்லுவேன்னாக. இவ எந்திரிச்சு, 'போட்டு என் பேர்ல இருக்கு. தடைக்காலம் முடிஞ்சதும் அதுல நான் மடி ஏத்த விட மாட்டேன்'னா. நான் லாபியில உக்காந்து சத்தமாச் சிரிச்சேன். ஏன்னா, போட்டை ஓட்டுறது யாரு? மடி ஏத்துறது யாரு? மாஸ்டர் சிரிக்கல. போறப்போ கையைக் குடுத்தாரு, குடுத்துத் தொலைச்சேன்.

வீட்டுக்கு வந்தோம்.  நான் போட்டுக்குப் பெயிண்டு அடிச்சேன், இஞ்சினைப் பிரிச்சு மாட்டினேன், புது மடி பின்னி வச்சேன். வர்ற திங்கக்கிழமைதான் தடைக்காலம் முடிஞ்சு முதல் நாள். அதுக்குள்ள யாரோ அந்த வீடியோவுக்குத் தமிழ் போட்டு ஊரெல்லாம் அனுப்பிட்டான். முப்பத்தேழு பேரு பார்த்தது இப்ப முப்பதாயிரம் பேரு பார்க்குறான். எங்க தெருவுல ராவோட ராவா வேலியைப் பிரிச்சுக் குழி தோண்டிப் புதைக்கிறானுக. அவனவன் என்னை முறைக்கிறான். சங்கத்துல சொல்லிட்டாக, மொழிபெயர்ப்புல தப்பு வந்துருச்சுன்னு உன் சம்சாரத்துகிட்ட எழுதி வாங்கிட்டு வா, இல்லாட்டி ஜெட்டிப் பாலத்துல உன் போட்டைக் கட்ட விட மாட்டோம்.

அது ஒரு பக்கம். நேத்து ராமநாதபுரம் மீன்வளத்துறை ஆபீஸ்ல இருந்து போன். 'அமலோற்பவம்ங்கிறவங்க பேர்ல ஒரு கடிதம் வந்திருக்கு. என் போட்டுக்கு இழுவைமடி டோக்கன் குடுக்க வேணாம், செவுள்வலைக்கு மாத்தித் தாங்கன்னு. ஆனா கையெழுத்து ஃபைல்ல இருக்குறதோட ஒத்து வரல. ரெண்டு பேரும் வாங்க.'

எனக்கு உயிர் வந்துச்சு. ஏன்னு கேளுங்க. ஃபைல்ல இருக்குற கையெழுத்து பூரா நான் போட்டது. பதினாலு வருசமா. அவ பேரை நான் எழுதுறதுதான் வழக்கம். அவளை எதுக்கு அலைய விடணும்? அதனால அவ போட்டது ஒத்து வராதுல்ல? சரி, அது போலின்னு சொல்லிருவோம், கடிதம் செல்லாம போயிரும், சங்கத்துலயும் அதையே சொல்லிக்கலாம்னு சந்தோசமா இன்னைக்குக் காலையில கூட்டிக்கிட்டு வந்தேன்.

அதிகாரி ஒரு பொம்பளைப் புள்ளை. முப்பது வயசு இருக்கும். ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சா. ஃபைல்ல இருக்குறது சுழிச்சு, அழகா, ஒரே வீச்சு. கடிதத்துல இருக்குறது ஒவ்வொரு எழுத்தாக் கோணக்கோண, ஒண்ணாப்புப் புள்ளை எழுதின மாதிரி. 'இதுல எதும்மா உங்க கையெழுத்து?' நான் சொன்னேன், 'ஃபைல்ல இருக்குறதுதான் மேடம்.' 'நான் அம்மாவைக் கேட்டேன்'னா அந்தப் புள்ளை. ஒரு வெள்ளைத் தாளைக் குடுத்தா. இவ உக்காந்து, நாக்கைக் கடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு எழுத்தா எழுதினா. கடிதத்துல இருக்குறது மாதிரியே கோணல்.

நான் விடல. 'இவளுக்கு இப்பக் கை நடுங்குது மேடம், டிவியில பேசிட்டு வந்ததுல இருந்து இப்படித்தான். ஃபைல்ல இருக்குறதுதான் நிசம், என் கண்ணு முன்னாடி போட்டது.' அந்தப் புள்ளை அமைதியாச் சொன்னா, 'அப்படின்னா அதை எழுதிக் குடுங்க. கீழ கையெழுத்துப் போடுங்க.' எழுதினேன். என் எழுத்து நல்லா இருக்கும் சார். 'மேற்படி கையொப்பங்கள் என் மனைவி என் முன்னிலையில் இட்டவை.' எழுதிட்டு, கீழ, வேகமா, ஒரே வீச்சுல கையெழுத்துப் போட்டுத் தள்ளினேன்.

அந்தப் புள்ளை தாளைப் பார்த்தா. ஃபைலைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.  தாளை என் பக்கம் திருப்பி வச்சா.

அமலோற்பவம்னு போட்டிருக்கேன் சார். அதே சுழி, அதே வீச்சு. என் பேரைப் போடாம அவ பேரைப் போட்டிருக்கேன். எனக்குத் தெரியவே இல்ல. அந்த மேஜை, அந்த இங்க் பேடு வாசனை, கட்டித் தொங்க விட்ட அந்தப் பேனா. முதல் போட்டு போனதுல இருந்து அந்த மேஜையில வேற பேரை நான் எழுதினதே இல்ல. கை தானாப் போயிருச்சு.

'இது என்ன குத்தம்னு தெரியுமா? கேஸ் போட்டா உள்ள போகணும்'னா அந்தப் புள்ளை.  அப்ப இவ வாயத் திறந்தா. 'கேஸ் வேணாம் மேடம். ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டுட்டுத்தான் போட்டாரு. நான்தான் சரின்னேன். இனிமே நானே வந்து போட்டுக்கிறேன்.'

கேட்டேனாம். எப்பக் கேட்டேன்? ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. அதிகாரி முன்னாடி, எனக்காக, கண்ணு சிமிட்டாமப் பொய் சொல்றா. அந்தப் பொய்யில நான் தப்பிச்சேன். அதுதான் சார் எனக்குக் குமட்டுது. மத்ததெல்லாம் கூடத் தாங்கிருவேன். அந்தப் புள்ளை பழைய கையெழுத்தையெல்லாம் சிவப்பு மையில அடிச்சுட்டு இவ கோணல் கையெழுத்தை ஒட்டி வச்சுக்கிட்டா. கடிதம் செல்லும்னு எழுதிட்டா. திங்கக்கிழமை எழுநூறு போட்டு கடலுக்குப் போகும். புதுப் பெயிண்டோட ஒண்ணு மட்டும் கரையில நிக்கும்.

வெளிய வந்தோம். ஏதாவது கேப்பா, அழுவா, திட்டுவான்னு பார்த்தேன். பஸ்ஸைப் பார்த்ததும் விறுவிறுன்னு ஏறிட்டா.

இப்பச் சொல்லுங்க சார். நீங்க படிச்சவரு, நாலு ஊரு பார்த்தவரு. ஆறு மணிக்குக் கூட்டத்துல நான் என்ன சொல்லட்டும்? மொழிபெயர்ப்புத் தப்புன்னு இனிமே சொல்ல முடியாது. கையெழுத்துப் போலின்னும் சொல்ல முடியாது. பதினோரு வருசமா அந்தக் கூட்டத்துல நான் வார்த்தைக்குத் தடுமாறினதே இல்ல. இன்னைக்கு ஒரு வரி வர மாட்டேங்குது. நீங்க ஏதாவது ஒரு வரி சொல்லுங்க, அப்படியே ஒப்பிச்சுர்றேன்.

என்னது? அவகிட்டயே கேக்கணுமா? எந்திரிச்சு முன்னாடி போயி, பக்கத்துல உக்காந்து, நீ என்ன நினைக்கிறன்னு கேக்கணுமா?

கேட்டாச் சொல்லிருவா சார். அதான் பயமா இருக்கு.